டிடிஏ7294 மோனோ போர்டு: நல்ல சரக்குதான், கொடுக்கும் வோல்டேஜைப் பாருங்கள்

சென்னை ரிச்சி தெருவில் ஆம்ப் போர்டு விற்கும் கடைகளில் ‘7294 போர்டு’ என்று கேட்டால் உள்ளங்கை அகலத்தில் ஒரு போர்டை எடுத்து வைப்பார்கள். ஆன்லைனில் வருவதும் இதே சரக்குதான். கம்பெனிப் பெயர் எதுவும் இருக்காது. டிடிஏ7294 என்ற, பதினைந்து கால் உள்ள ஒரே ஒரு ஆம்ப் ஐசி, இரண்டு பெரிய கெப்பாசிட்டர், சில சின்னப் பாகங்கள், வயர் மாட்டத் திருகு கனெக்டர், அவ்வளவுதான். வீட்டில் சொந்தமாக ஆம்ப் கட்ட நினைக்கிறவர்கள் பலர் முதலில் வாங்கும் பெரிய போர்டு இதுவாகவே இருக்கிறது. ‘போர்டு போயிடுச்சு’ என்ற புலம்பலும் இதைப் பற்றித்தான் அதிகம்.

முதலில் தீர்ப்பைச் சொல்லிவிடலாம். ஐசி அசலாக இருந்தால் இது நம்பி வாங்கலாம். எரிந்துபோகும் போர்டுகளைப் பிரித்துப் பார்த்தால் காரணம் பெரும்பாலும் போர்டுக்கு வெளியில் இருக்கும்: ட்ரான்ஸ்பார்மர் வோல்டேஜ் அதிகம், ஐசிக்கும் வெப்பத்தை இழுக்கும் ஹீட்சிங்குக்கும் நடுவில் வைக்கும் மைக்கா ஷீட் சரியில்லை, கிரவுண்ட் வயரிங் தப்பு. அதனால் சத்தம் எப்படி என்பதைவிட, போர்டை எப்படி உயிரோடு வைத்திருப்பது என்பதே இங்கே அதிகம்.

போர்டின் மேல் ‘100 வாட்’ என்று அச்சிட்டிருக்கும். ஐசியைத் தயாரிக்கும் எஸ்டி கம்பெனியின் டேட்டாஷீட்டில் அந்த 100 வாட் ‘மியூசிக் பவர்’ கணக்கு. ஒரு நொடி நேரத்துக்கு, 10 சதவீத டிஸ்டார்ஷனோடு (சத்தச் சிதைவோடு) வருவது. தொடர்ந்து கொடுக்கக்கூடியது 70 வாட், 0.5 சதவீத டிஸ்டார்ஷனில். அந்த 70 வாட்டுக்கு 8 ஓம் ஸ்பீக்கர் என்றால் ±35 வோல்ட் வேண்டும், அதாவது 0க்கு மேலே ஒரு பிளஸ் 35 லைன், கீழே ஒரு மைனஸ் 35 லைன். 4 ஓம் என்றால் ±27 வோல்ட் போதும். இந்த இரண்டாவது எண்ணைத்தான் யாரும் கவனிப்பதில்லை. ஓம் குறைந்தால் வோல்டேஜையும் குறைக்க வேண்டும். ±35 வைத்துக்கொண்டு 4 ஓம் ஸ்பீக்கரை மாட்டினால் இரட்டிப்புப் பவர் வரும் என்று நினைத்து மாட்டுகிறார்கள். வருவது சூடு.

எவ்வளவு சூடு என்று கணக்குப் போட்டே பார்க்கலாம். ±35 வோல்டில் 8 ஓம் லோடுக்கு ஐசிக்குள் அதிகபட்சம் சுமார் 31 வாட் வெப்பமாகும். அதே வோல்டேஜில் 4 ஓம் என்றால் 62 வாட். ஐசியின் உள்ளே இருக்கும் சிலிக்கானுக்கும் முதுகுத் தகட்டுக்கும் இடையில் ஒரு வாட்டுக்கு 1.5 டிகிரி வரை வித்தியாசம் இருக்கலாம். 62 வாட்டுக்கு அது 93 டிகிரி. தகட்டை 50 டிகிரியில் பிடித்து வைத்தாலும் உள்ளே 143. தெர்மல் பாதுகாப்பு 145 டிகிரி பக்கத்தில் வேலை செய்ய ஆரம்பித்துவிடும். ஆகவே எவ்வளவு பெரிய ஹீட்சிங்க் போட்டாலும், எத்தனை ஃபேன் வைத்தாலும், அந்தக் கூட்டணி தாங்காது. ±27 வோல்டுக்கு இறங்கினால் அதே 4 ஓமில் வெப்பம் 37 வாட்தான்.

இதை ட்ரான்ஸ்பார்மர் வாங்கும் பாஷையில் சொன்னால்: 8 ஓமுக்கு 24-0-24 (நடு வயருக்கு இரு பக்கமும் 24 வோல்ட் ஏசி), 4 ஓமுக்கு 18-0-18. ஒரு சேனலுக்கு 3 ஆம்பியர், ஸ்டீரியோவுக்கு 5 அல்லது 6 ஆம்பியர். 24ஐ 1.414ஆல் பெருக்கி டயோடில் போகும் ஒரு வோல்டைக் கழித்தால் 33 வரும் என்பது காகிதக் கணக்கு. லோடு இல்லாதபோது சாதாரண ட்ரான்ஸ்பார்மர் பத்து சதவீதம் வரை கூடவே கொடுக்கும். நள்ளிரவில் வீட்டு லைன் 250ஐத் தொட்டால் அதுவும் சேரும். இரண்டும் சேர்ந்தால் அதே 24-0-24 உங்களுக்கு ±39 வோல்டுக்கு மேல் கொடுத்துவிடும். இந்த ஐசி வேலை செய்யும் வரம்பு ±40. சிக்னலே இல்லாமல் சும்மா இருக்கும்போதுகூட ±50க்கு மேல் தாங்காது. ‘கொஞ்சம் கூட இருக்கட்டும்’ என்று 30-0-30 வாங்கினால் முதல் கணக்கிலேயே 41 வந்துவிடுகிறது. அப்படி மாட்டிய போர்டு ஒரு வாரம் பாடும், ஒரு மாதமும் பாடலாம். ஒரு நாள் வால்யூம் கூட்டும்போது போகும். கடையில் ‘எல்லாம் ஓடும் சார்’ என்று சொன்னாலும் 30-0-30 இதற்கு வேண்டாம்.

வோல்டேஜைப் பேசும்போதே போர்டில் உள்ள இரண்டு பெரிய கெப்பாசிட்டரின் பக்கவாட்டைப் படித்துப் பாருங்கள். விலை குறைந்த போர்டுகளில் 1000 மைக்ரோஃபாரட், 35 வோல்ட் என்று இருக்கும். 36, 37 வோல்ட் ஓடும் லைனில் 35 வோல்ட் கெப்பாசிட்டர் தலை உப்பி நிற்பதில் ஆச்சரியம் எதுவும் இல்லை. கரண்ட் கொடுக்கும் முன்பே கழற்றிவிட்டு 50 வோல்ட் போடுவது நல்லது. வெளியே வைக்கும் ஃபில்டர் கெப்பாசிட்டர் ஒரு லைனுக்கு 4700 மைக்ரோஃபாரட் 50 வோல்டாவது இருக்கட்டும். ஸ்டீரியோ என்றால் 10000. ஏசியை டிசியாக்கும் டயோடு பிரிட்ஜ் கேபிபிசி3510 போட்டுவிட்டால் பிறகு அதைப் பற்றி யோசிக்கவே வேண்டாம்.

இன்னொன்று, இந்த போர்டு இரண்டு வகையில் வருகிறது. ஒன்றில் டயோடு போர்டிலேயே இருக்கும், ட்ரான்ஸ்பார்மர் வயர் மூன்றையும் நேராக மாட்டலாம். இன்னொன்று டிசி மட்டும் வாங்கும். கனெக்டரில் ஏசி, 0, ஏசி என்று இருக்கிறதா, பிளஸ், 0, மைனஸ் என்று இருக்கிறதா என்று பாருங்கள். டிசி போர்டுக்கு ஏசி கொடுத்தால் அந்த நொடியே முடிந்தது. டயோடு உள்ள வகையில் அது 5408ஆ 4007ஆ என்றும் பார்க்க வேண்டும். 4007 ஒரு ஆம்பியர் டயோடு. இந்த வேலைக்குப் பத்தாது. 5408 மூன்று ஆம்பியர், ஒரு சேனலுக்குப் போதும்.

ஐசி அசலா என்பதுதான் இந்தச் சரக்கில் உண்மையான சூதாட்டம். போலி 7294 ஏராளமாகச் சுற்றுகிறது. பஞ்சில் கொஞ்சம் அசிட்டோன் நனைத்து எழுத்தின் மேல் தேய்த்துப் பாருங்கள். எழுத்தோ மேல்பூச்சோ கரைந்து வந்தால், பழைய ஐசியைத் தேய்த்து மறு அச்சுப் போட்டது என்றே எடுத்துக்கொள்ளலாம். கரையவில்லை என்பதற்காக அசல் என்றும் ஆகிவிடாது. நம்பகமான சோதனை வோல்டேஜ்தான். குறைந்த வோல்டில் ஒழுங்காக ஓடிவிட்டு, ±35 கொடுத்ததும் லோடு இல்லாமலே சூடாகிறது அல்லது வெடிக்கிறது என்றால் சந்தேகமே வேண்டாம்.

அதனால் முதல் முறை கரண்ட் கொடுப்பதை அவசரமில்லாமல் செய்ய வேண்டும். ஸ்பீக்கர் மாட்டாதீர்கள். மீட்டரைக் கண்டினியூட்டியில் வைத்து பிளஸ்–0, 0–மைனஸ், பிளஸ்–மைனஸ் மூன்றையும் பாருங்கள். கெப்பாசிட்டர் சார்ஜ் ஆகும் வரை ஒரு கணம் பீப் அடித்து நின்றால் சரி. நிற்காமல் அடித்தால் எங்கோ ஷார்ட். ஐசியின் எழுத்து நம்மைப் பார்த்திருக்கும்போது இடது ஓரக் கால் 1. அதிலிருந்து எண்ணினால் 7 பிளஸ், 8 மைனஸ். இரண்டு லைனும் பக்கத்துப் பக்கத்துக் கால்! கை சால்டரில் ஈயம் வழிந்து ஒட்டிக்கொள்ளும் இடம் இதுதான். வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்துப் பார்த்தால் முடி அளவு ஈயப் பாலம் தெரியும்.

முதல் சப்ளைக்கு 12-0-12 ட்ரான்ஸ்பார்மர் போதும். ±16 வோல்ட் சுமாருக்கு வரும். இந்த ஐசி ±10லேயே வேலை செய்யத் தொடங்கிவிடும். ட்ரான்ஸ்பார்மருக்கு முன்னால், வீட்டு லைனில் 60 வாட் குண்டு பல்பை சீரீஸில் போடுங்கள். ஒரு கணம் பளிச்சென்று எரிந்து மங்கினால் நல்லது. எரிந்துகொண்டே இருந்தால் ஷார்ட். பிறகு பிளஸ் லைனிலும் மைனஸ் லைனிலும் பியூஸ் இருக்க வேண்டிய இடத்தில் ஆளுக்கொரு 10 ஓம் 5 வாட் ரெசிஸ்டரைப் போட்டு, அதன் இரு முனையிலும் வோல்ட் பாருங்கள். ஐசி சும்மா இருக்கும்போது சுமார் 30 மில்லியாம்ப் எடுக்கும், அதாவது 0.3 வோல்ட் காட்ட வேண்டும். 0.6 வரை கூடப் பரவாயில்லை. ஒரு வோல்டைத் தாண்டினால் அணைத்துவிட்டுக் காரணத்தைத் தேடுங்கள். இந்த இரண்டு ரெசிஸ்டர் எத்தனையோ ஐசியைக் காப்பாற்றியிருக்கிறது. தப்பு இருந்தால் முதலில் அதுதான் புகையும்.

அடுத்து, ஸ்பீக்கர் கனெக்டரில் டிசி அளக்க வேண்டும். இன்புட்டை ஷார்ட் செய்துவிட்டுப் பார்த்தால் 50 மில்லிவோல்டுக்குள் இருக்க வேண்டும். 100ஐத் தாண்டினால் ஃபீட்பேக்கில் (அவுட்புட்டில் ஒரு பங்கை இன்புட் பக்கம் திருப்பும் பாதையில்) உள்ள 22 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் லீக் ஆகிறதா, பிளஸ் மைனஸ் மாற்றிப் போட்டிருக்கிறதா என்று பாருங்கள். சில வோல்ட்கள் வந்தாலோ, லைன் வோல்டேஜே முழுசாக வந்து நின்றாலோ, ஐசி போயிருக்க வேண்டும், அல்லது ஒரு லைனோ நடு வயரோ வந்து சேரவில்லை. இந்த நிலையில் ஸ்பீக்கர் மாட்டினால் என்ன ஆகும்? 8 ஓம் ஸ்பீக்கரின் காயில் டிசிக்கு 6 ஓம் சுமார்தான் இருக்கும். 35 வோல்ட் நேராகப் போனால் 200 வாட் வெப்பம். வாய்ஸ் காயில் கருகும் வாடை வரும்போதே எல்லாம் முடிந்திருக்கும். ட்ரான்ஸ்பார்மரின் நடு வயரை முறுக்கி டேப் ஒட்டி விடாமல் நன்றாகச் சால்டர் செய்யச் சொல்வது இதனால்தான். அந்த ஒரு வயர் கழன்றாலும் ஸ்பீக்கருக்கு டிசி போகும்.

அளக்கும்போது மீட்டர் வயரின் முள்ளை (ப்ரோபை) ஐசியின் காலில் நேராக வைக்காதீர்கள். 13 பிளஸ், 14 அவுட்புட், 15 மைனஸ், மூன்றும் அடுத்தடுத்து நிற்கின்றன. முள் ஒரு மில்லிமீட்டர் நழுவினால் போதும். அதே கால் போய்ச் சேரும் ரெசிஸ்டரின் முனையிலோ கெப்பாசிட்டரிலோ வைத்து அளக்கலாம்.

இனி மைக்கா. இந்த ஐசியின் முதுகுத் தகடு உள்ளே மைனஸ் லைனோடு சேர்ந்தது. நேராக ஹீட்சிங்கில் திருகினால் ஹீட்சிங்க் முழுக்க மைனஸ் 35 வோல்ட் நிற்கும். அது கேபினெட்டைத் தொட்டால், கேபினெட் கிரவுண்டில் இருந்தால், மைனஸ் லைன் ஷார்ட். மைக்கா ஷீட்டும் திருகுக்குப் பிளாஸ்டிக் புஷ்ஷும் கட்டாயம். ஹீட்சிங்கில் துளை போட்ட பிறகு ஓரத்தில் நிற்கும் பிசிரைப் பெரிய டிரில் பிட்டைக் கையால் சுழற்றி எடுத்துவிடுங்கள். மைக்காவைக் குத்திக் கிழிப்பது அந்தப் பிசிர்தான், அதுவும் திருகை இறுக்கும் கடைசிச் சுற்றில். பேஸ்ட்டை இரண்டு பக்கமும் மெல்லிய படலமாகத் தடவ வேண்டும். வெண்ணெய் போல அப்பினால் வெப்பம் கடப்பது குறையும். இறுக்கிய பிறகு ஹீட்சிங்குக்கும் ஐசித் தகட்டுக்கும் கண்டினியூட்டி இல்லை என்று உறுதி செய்யுங்கள்.

எல்லா வோல்டேஜும் சரி, சத்தம் மட்டும் இல்லை என்றால் 9ம் காலையும் 10ம் காலையும் சந்தேகப்பட வேண்டும். 9 ஸ்டாண்ட்பை, 10 மியூட். இரண்டிலும் 3.5 வோல்டுக்கு மேல் இருந்தால்தான் ஐசி வாய் திறக்கும், 1.5க்குக் கீழே போனால் மூடிக்கொள்ளும். சில போர்டுகளில் இதற்கென ஒரு ஜம்பர் இருக்கும். அது கழன்று விழுந்ததால் ‘டெட்’ என்று திருப்பி அனுப்பப்பட்ட போர்டுகள் நிறைய. ஸ்விட்ச் போட்டதும் ‘டொப்’ என்று அடித்தால் மியூட் காலில் உள்ள 10 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டரை 22 அல்லது 47 ஆக்கிப் பாருங்கள். சத்தம் கொஞ்சம் தாமதமாக வரும், டொப் குறையும்.

ஹம் (‘ம்ம்’ என்ற உறுமல்) வந்தால் உடனே போர்டைக் குறை சொல்லிவிடக் கூடாது. போர்டின் இன்புட்டிலேயே சிக்னலையும் கிரவுண்டையும் ஷார்ட் செய்யுங்கள். ஹம் நின்றுவிட்டால் குறை வெளியே: ஷீல்டு வயர், வால்யூம் கண்ட்ரோல், டோன் போர்டு. வால்யூம் கண்ட்ரோலின் உடம்பைத் தொட்டதும் ஹம் மாறுகிறது என்றால் அந்த உடம்பைக் கிரவுண்டில் சேர்க்க வேண்டும். ஷார்ட் செய்தும் நிற்கவில்லை என்றால் சப்ளை பக்கம். ஸ்டீரியோவில் இது அதிகம் வரும். இரண்டு போர்டுக்கும் கிரவுண்ட் சப்ளை வழியாக ஒரு தரமும் இன்புட் ஷீல்டு வழியாக ஒரு தரமும் போய், நடுவில் ஒரு வளையம் உண்டாகிறது. மருந்து எளிது. இரண்டு ஃபில்டர் கெப்பாசிட்டரும் சேரும் இடத்தில் ஒரே ஒரு புள்ளி வையுங்கள். ட்ரான்ஸ்பார்மர் நடு வயர், இரண்டு போர்டின் கிரவுண்ட், இரண்டு ஸ்பீக்கரின் மைனஸ், எல்லாம் தனித்தனி வயராக அந்தப் புள்ளிக்கே வரட்டும். ஸ்பீக்கர் மைனஸை இன்புட் சாக்கெட்டுக்குப் பக்கத்தில் சேர்ப்பது மிக மோசமான பழக்கம்.

பாட்டே போடாமல் ஐசி சூடாகிறது என்றால் ஆசிலேஷன். காதுக்குக் கேட்காத அதிர்வெண்ணில் ஆம்ப் தானாகக் கத்திக்கொண்டிருக்கும். ட்வீட்டர் காரணமே தெரியாமல் போகும். அவுட்புட்டில் 10 ஓமும் 0.1 மைக்ரோஃபாரடும் சேர்ந்த ஜோடி உள்ள போர்டாக இருந்தால் அந்த 10 ஓம் ரெசிஸ்டரின் பட்டை நிறம் பழுப்பாகி, அடியில் போர்டும் கருத்திருக்கும். அதைப் பார்த்தால் வேறு சாட்சி வேண்டாம். காரணங்கள் வழக்கமானவை: சப்ளை கால்களுக்குப் பக்கத்தில் 0.1 மைக்ரோஃபாரட் இல்லாதது, சப்ளை வயர் இரண்டடி நீளம் தொங்குவது, இன்புட் வயர் ஸ்பீக்கர் வயரோடு சேர்த்துக் கட்டப்பட்டிருப்பது. இன்னொரு காரணம் கெயினை (பெருக்கத்தை) குறைப்பது. ஃபீட்பேக்கில் உள்ள 22கே, 680 ஓம் ரெசிஸ்டர்கள் சேர்ந்து 33 மடங்கு கெயின் தருகிறது, அதாவது 30 டெசிபல். 24 டெசிபலுக்குக் கீழே கொண்டுபோனால் இந்த ஐசி நிலையாக இருக்காது. ‘இரைச்சல் குறையும்’ என்று 680ஐ மாற்றுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

அந்த 33 மடங்கில் ஒரு நல்ல செய்தியும் உண்டு. 8 ஓமில் 70 வாட்டுக்கு 0.7 வோல்ட் இன்புட் போதும். ஃபோனின் ஹெட்ஃபோன் சாக்கெட்டே கிட்டத்தட்ட அவ்வளவு கொடுக்கும். நடுவில் ப்ரீஆம்ப் போர்டு வைப்பது இஸ்ஸ் சத்தத்தைத்தான் கூட்டும். 10கே லாக் வால்யூம் கண்ட்ரோல் ஒன்று போதும். இன்புட் இம்பீடன்ஸ் 22கே என்பதால் 100கே கண்ட்ரோல் பொருந்தாது.

சத்தம் கூட்டும்போது சீக்கிரமே கரகரத்தால் 6ம் காலுக்கும் 14ம் காலுக்கும் நடுவில் உள்ள 22 மைக்ரோஃபாரட் பூட்ஸ்ட்ராப் கெப்பாசிட்டரை மாற்றிப் பாருங்கள். ஹீட்சிங்குக்குப் பக்கத்தில் இருப்பதால் அது காய்ந்துபோகும். 7294க்குப் பதிலாக அதே குடும்பத்து 7293 ஐசியைப் போடுகிறவர்களுக்கும் இதே இடம்தான் முக்கியம். அதில் இந்தக் கெப்பாசிட்டரின் மறுமுனை 12ம் காலுக்குப் போக வேண்டும், 14க்கு அல்ல.

சத்தத்தின் தரம் இந்த விலைக்கு மிக நல்லது. பாஸ் இறுக்கமாக இருக்கும், குரல் தெளிவாக வரும். இளையராஜா பாட்டின் வயலின் கூட்டத்தில் ஸ்விட்ச் முறையில் ஓடும் சில விலை குறைந்த கிளாஸ் டி போர்டுகள் கொடுக்கும் கூர்மை இதில் இல்லை. எல்எம்3886 என்ற ஆம்ப் ஐசி இதைவிட ஒரு படி நயமாக இருக்கலாம், முதுகு இன்சுலேட் செய்த வகையும் அதில் கிடைக்கிறது. ஆனால் அதிலும் போலி உண்டு. 5200, 1943 ட்ரான்சிஸ்டர் போர்டுகள் இன்னும் பவர் கொடுக்கும், ஆனால் பயாஸ் (ட்ரான்சிஸ்டரில் சும்மா இருக்கும்போது ஓடும் கரண்ட்) செட் செய்யத் தெரிந்திருக்க வேண்டும். முதல் முறை கட்டுகிறவருக்கு 7294தான் சரி. ட்ரான்ஸ்பார்மர், ஹீட்சிங்க் செலவுக்கு மனசு இல்லாதவர்கள் 24 வோல்ட் அடாப்டரில் ஓடும் கிளாஸ் டி போர்டுக்கே போகலாம். இந்த போர்டின் விலையைவிட அந்த இரண்டும் பல மடங்கு ஆகும் என்பதைக் கடைக்குப் போகும் முன்பே கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஐசி போய்விட்டால் போர்டைத் தூக்கி எறிய வேண்டியதில்லை. பதினைந்து காலையும் ஒன்றாகச் சூடாக்கிப் பிடுங்கப் பார்த்தால் செம்புத் தடம் உரிந்து வரும். கட்டரால் எல்லாக் காலையும் வெட்டி ஐசியை எடுத்துவிட்டு, மீதியை ஒவ்வொன்றாகச் சூடு காட்டி இழுங்கள். புதியதைப் போடும் முன் 680 ஓம், 22கே, 0.1 மைக்ரோஃபாரட், அந்த 10 ஓம் எல்லாவற்றையும் அளந்துவிடுங்கள். ஐசியை முதலில் மைக்கா வைத்து ஹீட்சிங்கில் திருகி இறுக்கிவிட்டு, அதன் பிறகு காலைச் சால்டர் செய்ய வேண்டும். முன்னால் சால்டர் செய்து பின்னால் இறுக்கினால் கால் இழுபட்டு, ஆறு மாதம் கழித்து சால்டர் விரிசல் விட்டு, தட்டினால் பாடும், விட்டால் நிற்கும்.